ஒன்பதாம் மாதப் பக்கம்

பிள்ளை,

நான்கு நாட்களாக உன் தம்பி உன் குரலில் பேசிக்கொண்டிருக்கிறான். காலையில் பல் துலக்கும்போது, இரத்மலானைப் பயிற்சி நிலையத்துக்குப் போகிற வான் வண்டிக்காகக் கீழே காத்து நிற்கும்போது, சோற்றைப் பிசையும்போது. "தம்பி மாதிரி ஆகிடக் கூடாது. அவ்வளவுதான்." 'அவ்வளவுதான்' என்பதற்கு முன்னால் நீ கொஞ்சம் மூச்சு விட்டாயே, அந்த மூச்சையும் சேர்த்துச் சொல்கிறான். ஒரு வசனம் அவனுக்குள் போய் மாட்டிக்கொண்டால் நாட்கணக்கில் வெளியே வந்துகொண்டிருக்கும் என்பது உனக்குத் தெரியாததல்ல. சனிக்கிழமை உன் மகள் மாயாவின் ஊசியைப் பற்றி நீ அனுப்பிய குரல் செய்தியை நான் குசினியில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே சத்தமாகப் போட்டுக் கேட்டேன். "அம்மா, ஊசி விஷயத்தில என்னை வற்புறுத்தாதேங்கோ. மாயா, தம்பி மாதிரி ஆகிடக் கூடாது. அவ்வளவுதான்." திரும்பிப் பார்த்தால் ஆதவன் எனக்குப் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு நிற்கிறான். இருபது வயதுப் பிள்ளை. அவனுக்கு அது விளங்கியிருக்காது என்று நினைத்து நான் ஆறுதல் தேடினேன். ஞாயிறு காலை உன் கலியாணப் படத்தைத் தட்டிலிருந்து எடுத்து, அதில் தன் முகம் இருக்கிற இடத்தைப் பெருவிரலால் மூடிக்கொண்டு, அதே வசனத்தைச் சொன்னான். அதற்குப் பிறகு எனக்கு ஆறுதல் இல்லை, கோபம் மட்டும்தான் மிச்சம். அதை உன்மேல் மட்டும் கொட்டப் போவதில்லை. ஆனால் உன் பங்கு உனக்கு உண்டு.

இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்றாய். சரி, கதைக்கவில்லை, எழுதுகிறேன். வெள்ளவத்தையிலிருந்து பாமன்கடையில் உன் வீட்டுக்கு இருபது நிமிட நடைதான், நேரே வந்திருக்கலாம். போன முறை வந்தபோது நான் வாய் திறக்க முதலே நீ தேத்தண்ணியை வைத்துவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினாய். எழுதினால் சத்தம் கூட்ட முடியாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. திங்கட்கிழமை கொட்டாஞ்சேனையில் பாடசாலை முடிந்து வந்து எங்கள் தொடர்மாடியில் ஏறும்போது, முதலாம் மாடி ரிஸ்னா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நின்றாள். "டீச்சர், ஒங்கட மகள் குரூப்ல போட்ட பக்கத்தப் பாத்தேன். நானும் புள்ளய ஊசிக்குக் கொண்டு போகல்ல. டீச்சர்ட வீட்டுலயே நடந்திருக்குதானே" என்றாள். எனக்கு நன்றியும் சொன்னாள். அவளுடைய பிள்ளை என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. நான் மழை வரும்போல என்று ஏதோ சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன். நாற்பத்தொன்பது வயதில், இருபத்தைந்து வருடம் உயிரியல் படிப்பித்த ஒருத்தி, ஒரு பச்சைப்பிள்ளைக்கு முன்னால் வானிலை பேசிவிட்டு ஓடினேன். ஆகையால் இந்தக் கடிதம் உனக்கு மட்டும் உரியதல்ல. நீ அந்தப் பக்கத்தை எந்தக் குழுவில் போட்டாயோ அங்கேயே இதையும் போடு. நீ போடாவிட்டால் நான் போடுவேன்.

அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். தம்பியின் சின்ன வயதுப் படங்கள் வேண்டும் என்று போன மாதம் நீ அலுமாரியைக் கிளறினாய். படங்களோடு அவனுடைய கிளினிக் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது. பிள்ளை பிறந்ததும் ஒவ்வொரு தாயின் கையிலும் கொடுக்கிற அந்தப் புத்தகத்தில், ஊசி போட்ட திகதிகளை மிட்வைஃப் எழுதுவார். பிள்ளை என்னென்ன செய்கிறது என்ற பக்கத்தைத் தாய் நிரப்ப வேண்டும். முகம் பார்த்துச் சிரிக்கிறதா, சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா, பெயர் சொன்னால் பார்க்கிறதா, டாட்டா காட்டுகிறதா. ஒன்பதாம் மாத ஊசி வரைக்கும் அதில் ஏழு கேள்விகள், ஏழு சரி அடையாளங்கள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, வெறும் பெட்டிகள். நீ அதைப் படம் பிடித்து, 'ஊசிக்கு முன் எல்லாம் சரி, ஊசிக்குப் பின் ஒன்றும் இல்லை, என் தம்பியின் புத்தகம், நீங்களே பாருங்கள்' என்று எழுதிப் போட்டிருக்கிறாய். முன்பின் தெரியாத தாய்மார் கண்ணீர்ப் பொம்மைகள் போட்டிருக்கிறார்கள்.

நீங்களே பாருங்கள் என்றாய். நீ பார்த்தாயா? மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை தேடுவதுதான் உன் வேலை. ஒரு பொத்தான் இரண்டு மில்லிமீற்றர் தள்ளியிருந்தால் கண்டுபிடிக்கிறவள் என்று உன் மேலாளர் உன் கலியாணத்தில் எழுந்து நின்று புகழ்ந்தார். அந்த ஏழு சரிகளும் சிவப்பு. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று வேறு வேறு நாட்களில் எழுதியிருக்க வேண்டியவை. ஒரே பேனை, ஒரே சாய்வு, ஒரே அவசரம். உன்னுடைய பள்ளிக்கூடக் கொப்பிகளில் எத்தனை ஆயிரம் தடவை அந்தச் சரியைப் பார்த்திருப்பாய்? வினாத்தாள் திருத்துகிற என் சிவப்புப் பேனை அது. அன்றைக்குக் கைப்பையில் வேறு பேனை இருக்கவில்லை. அந்த ஏழையும் நான் ஒரு காலையில், கிளினிக் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ஊசிக்குப் பெயர் கூப்பிடுவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன்னால் போட்டேன். ஏழில் ஐந்து பொய்.

என் பிள்ளை என்ன செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆறு மாதத்திலேயே தெரியும். பால் கொடுக்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்க மாட்டான், என் தோளுக்கு மேலே சுவரில் விழுகிற வெளிச்சத்தைப் பார்ப்பான். ஆதவன், ஆதவன் என்று கூப்பிட்டால் அசைய மாட்டான். பக்கத்து அறையில் பொலித்தீன் பை சரசரத்தால் திரும்புவான். ஆகவே காது கேட்கிறது. அதையும் நானே சோதித்தேன், கரண்டியால் தட்டி, சாவிக்கொத்தை ஆட்டி, ஒரு ஆய்வுகூடத்தில் செய்வதுபோல. முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. முந்திய மாதம் மிட்வைஃப் அந்தப் பக்கம் வெறுமையாக இருப்பதைக் கண்டு, சிங்களமும் தமிழும் கலந்து மெதுவாகச் சொன்னார்: "இல்லாட்டி இல்ல எண்டு எழுதுங்க, அம்மா. அதுக்குத்தானே நாங்க இருக்கிறது." இருபது வருடங்களில் எனக்கு யாரும் சொன்ன வசனங்களிலேயே புத்தியுள்ள வசனம் அது. அதைத்தான் நான் கேட்கவில்லை. அன்று காலை என் பக்கத்தில் இருந்த பெண்ணின் மடியில் ஆதவனின் வயதில் ஒரு குழந்தை, போகிற வருகிற எல்லாருக்கும் கை ஆட்டிக்கொண்டிருந்தது. இல்லை என்று எழுதினால் மிட்வைஃப் வீட்டுக்கு வருவார், பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார், எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வீடெல்லாம் பார்க்கும். வீட்டில் உன் மாமிக்கு, அப்பாவின் தங்கச்சிக்கு, சம்பந்தம் பேசுகிற நேரம். எல்லாவற்றுக்கும் மேலே, நான் பட்டதாரி, நான் ஆசிரியை, என் பிள்ளைக்கு நானே பிழை போடுவதா என்ற திமிர். ஏழு சரி போட்டுவிட்டுப் புத்தகத்தை நீட்டினேன். நெற்றியைச் சுருக்கிப் பார்த்த மிட்வைஃப், பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வரிசையில் அன்று அவ்வளவு சனம்.

சின்னமுத்து என்கிற தட்டம்மைக்கான ஊசி போட்டார்கள். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ ஒரு காய்ச்சல் வந்தது. வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இரண்டு தரம் காய்ச்சல் மருந்துப் பாணி கொடுத்தேன், மறுநாள் விட்டுவிட்டது. காய்ச்சலுக்கு முன்னால் எப்படி இருந்தானோ பின்னாலும் அப்படியே இருந்தான். அவனிடம் இருந்து எதுவும் போகவில்லை. போவதற்கு அவனிடம் அந்தச் சொற்கள் இருக்கவே இல்லை. அப்போது உனக்கு ஐந்து வயது. அவன் முதலில் 'அம்மா' சொன்னான், பாட்டுக்கு ஆடினான், ஊசிக்குப் பிறகு நின்றுவிட்டது என்று உனக்கு ஞாபகம் இருப்பதாகப் போன முறை சண்டை பிடித்தாய். அது உன் ஞாபகம் இல்லை. நாங்கள் சொல்லிச் சொல்லி உன் தலைக்குள் வைத்தது.

எப்படி வைத்தோம் என்பதைக் கேள். இரண்டு மாதம் கழித்து உன் மாமியைப் பெண் பார்க்க லண்டன் மாப்பிள்ளையின் தாயும் தமக்கையும் வந்தார்கள். அப்பாவின் ஒரே தங்கச்சி, முப்பத்தொரு வயது, இரண்டு சம்பந்தம் முறிந்து மூன்றாவது. ஆதவனை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தலாம் என்று பேச்சு வந்தது. அது மட்டும் முடியாது என்று நான் மறுத்தேன், அந்த அளவுக்கு வீரம் இருந்தது. அவனை வீட்டின் முன்மண்டபத்தில் பாயில் இருத்தினேன். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். தமக்கைக்காரி விரல் சொடுக்கினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், வளையலை ஆட்டினாள். அவன் திரும்பவில்லை. பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மிகவும் மரியாதையாக, "பிள்ளைக்குப் பிறப்பிலேயோ? உங்கட பக்கத்தில ஆருக்கும் இப்பிடி இருக்கோ?" என்று கேட்டாள். எங்கள் ஆட்கள் சாதகம் பார்ப்பார்கள், வேலை பார்ப்பார்கள், எல்லாவற்றுக்கும் பிறகு இதைப் பார்ப்பார்கள். இரத்தத்தில் ஏதும் இருக்கிறதா என்று. உன் மாமி குசினி வாசலில் தட்டோடு நின்றாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "இல்லை, ஊசி போட்ட பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. அதுக்குப் பிறகுதான் இப்பிடி" என்றேன்.

அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. "அப்ப பரம்பரையில இல்லை" என்று தாய்க்காரி மகளைப் பார்த்துச் சொன்னாள். மகள் என்னைப் பார்த்து, "நீங்கள் இதெல்லாம் படிச்சனீங்கள், நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றாள். என் பட்டத்துக்கு அன்றைக்குத்தான் ஒரு பயன் கிடைத்தது. அவர்கள் போன பிறகு குசினிக்குள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உன் மாமி அழுதாள். "மச்சாள், சாகும்வரைக்கும் மறக்க மாட்டன்." மறக்கவும் இல்லை. இருபது வருடமாக லண்டனில் இருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஆதவனுக்குச் சட்டை அனுப்புகிறாள், தன் மூன்று பிள்ளைகளுக்கும் எல்லா ஊசியும் நேரத்துக்குப் போட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் கேட்கவில்லை, நான்தான் கொடுத்தேன்.

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டும். ஊசியால் வந்தது என்றால் ஊசியின் விஷத்தை எடுக்க வேண்டும்தானே? அப்பாவின் சொந்தக்காரர் ஒருவர் விலாசம் கொண்டு வந்தார். இரண்டரை வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும், விஷம் இறக்குகிறேன் என்று சொல்லிக் கசாயம் கொடுத்த ஒரு மனிதரிடம் உன் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனேன். பால் கூடாது, கோதுமைப் பாண் கூடாது, முட்டை கூடாது என்றார். பிள்ளை எலும்பும் தோலும் ஆனான். நீ உன் பணிஸில் பாதியைக் கட்டிலுக்குக் கீழே வைத்து அவனுக்கு ஊட்டினாய்; நான் கண்டுபிடித்து உனக்கு அடித்தேன். அந்த அடிக்கு இன்று மன்னிப்புக் கேட்கிறேன். அந்த வீட்டில் அப்போது அறிவோடு நடந்தவள் நீ ஒருத்திதான். நாலு வயதில், வேறு வழியில்லாமல், அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் பேச்சுப் பயிற்சிக்குக் கொண்டு போனேன். அந்தச் சின்னப் பெண் அரை மணித்தியாலம் அவனோடு நிலத்தில் இருந்து விளையாடிவிட்டு, "ஏன் இவ்வளவு பிந்தி வந்தனீங்கள்?" என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை என்றேன். அதுவும் பொய். முந்தி வந்திருந்தால் எவ்வளவு மாறியிருக்கும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது.

இன்னும் ஒன்று. அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நான் அவனை அடுத்த ஊசிகளுக்குக் கொண்டு போக முடியாது. ஊசியால் பிள்ளை கெட்டது என்று சொல்கிறவள் மறுபடி எப்படி வரிசையில் நிற்பாள்? ஒன்றரை வயது ஊசி இல்லை, மூன்று வயது ஊசி இல்லை. புத்தகத்தில் அதற்குப் பிறகு எல்லாம் வெறுமையாக இருப்பது அவன் நின்றுபோனதால் அல்ல. நான் போகாமல் விட்டதால். அந்த நாட்களில் அவனுக்கு நோய் நொடி என்று ஒரு வருத்தமும் வரவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வந்து, 'ஊசி இல்லாமலே தம்பி நல்லாத்தானே இருந்தவன்' என்று நீ வாதாடுவாய், உன்னை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர்களுடைய தாய்மார் வெயிலில் நின்று போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் கைகளில் ஏறிய ஊசிக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். இப்போது நீயும் அப்படி ஒளியலாம் என்று பார்க்கிறாய். ஆனால் நீதான் மற்றத் தாய்மாரையும் வரிசையிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறாயே. பிறகு யாருக்குப் பின்னால் ஒளிவாய்?

ஐந்து வயதில் ஆதவனைச் சேர்க்கப் போன பாடசாலையில் ஊசி அட்டை கேட்டார்கள். வெள்ளவத்தையில் போட்டால் யாராவது காணுவார்கள். அதனால் கொட்டாஞ்சேனையில், என் பாடசாலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டொக்டரிடம், பாடசாலை முன்கூட்டியே விட்ட ஒரு நாள் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவுக்கும் சொல்லவில்லை, உனக்கும் சொல்லவில்லை. விடுபட்டதில் முதல் பங்கை அன்று போட்டார். அழுதான், பிறகு டொக்டரின் மேசையில் இருந்த மணியை அடித்து விளையாடினான். அது ஒரு புதன்கிழமை. அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் நீ சாப்பாட்டு மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தாய். அவன் உன் பின்னலைப் பிடித்து இழுத்தான். நீ கோபத்தோடு திரும்பினாய். அவன் உன்னைப் பார்த்து, "அக்கா" என்றான்.

உனக்கு அது மறந்திருக்காது. கதிரையைத் தள்ளி விழுத்திவிட்டு என்னிடம் ஓடி வந்தாய். அப்பா புறக்கோட்டைக் கடையிலிருந்து வரும்போது ஐஸ்கிரீம் பெட்டியோடு வந்தார். அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது, ஐந்து வருடத்துக்குப் பிறகு, உன்னைப் பார்த்து. ஊசி போட்டு ஆறாவது நாள். சொல், மகள், அந்தச் சொல்லை ஊசிதான் தந்ததா? பின்னால் வந்ததெல்லாம் அதனால் வந்தது என்று வாதாடுகிறவள் நீதானே. உன் கணக்கின்படி நான் அந்த டொக்டருக்குக் கோயில் கட்ட வேண்டும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு வருடம் அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண் நிலத்தில் இருந்து உழைத்தாள், நீ இரவும் பகலும் அவனோடு கத்திக் கதைத்தாய், அவனுக்கு நேரம் வந்தது, சொன்னான். ஊசி அதற்கு நன்மையும் செய்யவில்லை, தீமையும் செய்யவில்லை. அன்றைக்கே அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் உன் தலைக்குள் இருந்த கதை அன்றைக்கே செத்திருக்கும். சொல்லவில்லை. சொன்னால் மண்டபத்தில் சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை ரிஸ்னாவைக் கண்டு வந்த பிறகு முதன்முதலாக அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், "அவன் ஆறு மாசத்திலயே என்ர முகத்தைப் பாக்கேல்லை. எனக்குத் தெரியாதெண்டே இவ்வளவு காலமும் நினைச்சனீர்?" என்றார். பிறகு ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். "தங்கச்சியின்ர கலியாணம்" என்றார். இருபது வருடம் ஒரே கட்டிலில் படுத்த இரண்டு படித்த மனிதர்கள், ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, ஒரே பொய்யைக் காவல் காத்திருக்கிறோம். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் அன்றைக்கு இரவுச் சாப்பாடு இல்லை. அவரே முட்டை பொரித்துப் பாணோடு ஆதவனுக்குக் கொடுத்தார்.

இப்போது உன் பங்கு. உன் பயம் எது என்று எனக்குத் தெரியும். போன முறை வந்தபோது நான் எண்ணினேன், அரை மணித்தியாலத்தில் பதினொரு தடவை 'மாயா' என்று கூப்பிட்டாய். முதல் ஆறு தடவை திரும்பினாள், பிறகு பிள்ளைக்கு அலுத்துவிட்டது. ஏழாம் தடவை திரும்பாதபோது உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும், சாவிக்கொத்து ஆட்டிய காலத்தில் கண்ணாடியில் பார்த்தது. மாயா தம்பியைப் போல வரலாம், வராமலும் விடலாம். நம் குடும்பத்து இரத்தத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, அதைச் சொல்லக்கூடிய ஆள் நான் அல்ல. அதை இந்த ஊசி தீர்மானிப்பதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும், ஏனென்றால் தீர்மானித்தது என்று சொன்ன பொய்யே என்னுடையது. ஊசியைக் கும்பிடச் சொல்லவில்லை. காய்ச்சல் வரும், கை வீங்கும், மிக அரிதாக அதைவிட மோசமாகவும் ஏதாவது வரும். அதற்காகத்தான் போட்ட பிறகு உடனே விடாமல் இருத்தி வைத்துப் பார்க்கிறார்கள். கேள்வி கேள், டொக்டரைத் துளைத்து எடு, அதற்குத்தான் உன்னைப் படிப்பித்தேன். ஆனால் உங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி ஒரு பிள்ளைக்குச் சின்னமுத்து என்று கேள்விப்பட்ட பிறகும், வீடு வீடாக வந்த மிட்வைஃபிடம் 'பிரைவேட்டாப் போட்டாச்சு' என்று சொன்னாயாம். உன் புருஷன் தாங்க முடியாமல் எனக்கு அழைத்துச் சொன்னார். பத்து மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அதற்காகவே வந்த பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பொய். அதை எங்கே பழகினாய் என்று நான் கேட்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சின்னமுத்து வந்த பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டலாம், மூளையில் காய்ச்சல் ஏறலாம், பிள்ளை சாகலாம். இதெல்லாம் உனக்குத் தெரியும், நீயே எனக்கு வாசித்துக் காட்டினாய். தெரிந்துகொண்டும், தம்பியைப் போல ஆவதைவிட அந்த ஆபத்து பரவாயில்லை என்று நீ முடிவெடுத்திருக்கிறாய். உன் வசனத்துக்கு வேறு அர்த்தம் இருந்தால் சொல். 'தம்பியைப் போல' என்றால் என்ன? காலையில் தன் படுக்கையைத் தானே விரித்து மடிக்கிறவன். இரத்மலானையில் மிளகாய்த்தூள் பைகளை ஒன்றுகூடப் பிழைக்காமல் ஒட்டுகிறவன். நீ கலியாணம் முடித்துப் போன அன்று உன் செருப்பை வாசலில் இருந்து எடுக்க விடாமல் ஒரு கிழமை காவல் இருந்தவன். அவன் உன் பிள்ளைக்கு வரக்கூடாத வருத்தமா? நான் அவனை ஏழு சிவப்புச் சரிக்குப் பின்னால் மறைத்தேன். நீ அவனை எடுத்து ஊர்த் தாய்மாருக்கு எச்சரிக்கைப் பலகையாக மாட்டியிருக்கிறாய். இரண்டில் எது பெரிய குற்றம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தொடங்கி வைத்தவள் நான் என்பது தெரியும்.

நேற்றுப் பின்னேரம் இதை எழுதத் தொடங்க முதல் கீழே போய் ரிஸ்னாவின் கதவைத் தட்டினேன். நான் பொய் சொன்னனான், அந்தப் பக்கத்தை நம்ப வேண்டாம் என்றேன். பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "அப்ப இவ்வளவு நாளும், டீச்சர்?" என்றாள். பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டு போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. பொய்யை நம்ப அவளுக்கு ஒரு படம் போதுமாக இருந்தது. அதைத் திருப்பி எடுக்க என் வாய்ச்சொல் போதுமா என்று எனக்குத் தெரியாது. உன்னுடைய மாயா போய் வந்தால் ஒருவேளை போதும்.

பிறகு ஆதவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அவன் உன் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறை அவன் நிறுத்தும்போதும் மெதுவாக இன்னொரு வசனத்தைச் சொன்னேன். அவன் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இன்று காலை பல் துலக்கும் இடத்திலிருந்து சத்தம் வந்தது, இந்த முறை என் குரலில். "வியாழக்கிழமை அக்காவோட கிளினிக்குப் போறம்." தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னான், சப்பாத்துப் போடும்போது சொன்னான், வான்காரரிடமும் சொல்லியிருக்கிறான், அப்ப நாளைக்கு வர வேண்டாமா என்று அவர் எனக்கு அழைத்துக் கேட்டார். வேண்டாம் என்றேன். பாடசாலைக்கு நானும் லீவு போட்டுவிட்டேன். அவன் ஒரு நாளைச் சொன்னால் அது அந்த நாளில் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. நாளை எட்டு மணிக்கு உன் வீட்டு வாசல் கேற்றடியில் இரண்டு பேரும் நிற்போம். மாயாவின் புத்தகத்தை எடுத்து வை. அந்தப் பக்கத்தை நீ நிரப்பியிருந்தால் அப்படியே கொண்டு வா. நிரப்பவில்லையென்றால் வாங்கில் உட்கார்ந்து சேர்ந்து நிரப்புவோம். அவள் செய்வதற்குச் சரி, செய்யாததற்கு இல்லை. நான் நீலப் பேனை கொண்டு வருகிறேன்.

அம்மா